வாங்க சார், பாத்துக்கலாம்

மாமாவுக்கு சேப்பாக்கம் மைதானம் முதலில் காதில்தான் இருந்தது. திருவல்லிக்கேணியில், பைகிராப்ட்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் தாத்தா வீடு. அங்கிருந்து மைதானம் முக்கால் கிலோமீட்டர் இருக்கும். டெஸ்ட் மேட்ச் நடக்கும் ஐந்து நாளும் மாமா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, மடியில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ரேடியோவில் விக்கெட் விழும். "ஒண்ணு, ரெண்டு" என்று விரல் மடக்குவார். சரியாக இரண்டில், ஜன்னல் வழியாக மைதானத்தின் இரைச்சல் வந்து சேரும். ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படிப்பதற்கு முன்பே மாமாவிடம் தெரிந்துகொண்டேன்.

1986 செப்டம்பர் 22, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டின் கடைசி நாள். எனக்கு ஆறு வயது, மாமாவுக்கு இருபத்திரண்டு. கடைசி ஓவரில் சாஸ்திரி ஒரு ரன் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்தார். இரண்டு பந்து கழித்து கடைசி ஆட்டக்காரர் மனிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ, ஆட்டம் சமமாக முடிந்தது. 1960ல் பிரிஸ்பேனில் நடந்ததற்கு அப்புறம் டெஸ்ட் வரலாற்றிலேயே இரண்டாவது டை. மாமா விரல் மடக்க மறந்துவிட்டார் என்பது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தெருப் பையன்கள் பாதிப் பேர் அன்று மைதானத்துக்குள் இருந்தார்கள். மாமா வீட்டில் இருந்தார். இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் முழுதும் போய், வலது காலில் பாதி மிஞ்சியவரைக் கூட்டத்துக்குள் அனுப்ப தாத்தாவுக்கு மனசு வரவில்லை.

கல்லூரியில் படிக்கும்போது நான் இதற்குப் பரிகாரம் செய்வதாக நினைத்து ஒரு காரியம் செய்தேன். நகரத்தில் இன்னொரு மைதானத்தில் ஒரு மேட்ச். மாமாவை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு கேலரி ஏறினேன். முப்பத்திரண்டு படி. அக்குள் கட்டை இரண்டையும் நண்பன் ஒருவன் பின்னால் தூக்கி வந்தான். கேலரியில் சிலர் கைதட்டினார்கள், ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி "நல்லா இருப்பே தம்பி" என்றார். அந்தக் கதையை நான் இருபது வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அம்மா அதைச் சொன்னாள்.

போன வருஷம் ஒரு நாள் அதை நான் மறுபடி ஆரம்பித்தபோது மாமா குறுக்கே விழுந்தார். "டேய், அன்னிக்கு ஸ்கோர் என்னன்னு என்னைக் கேளு. தெரியாது. இறங்கும்போது நீ தடுக்கினா ரெண்டு பேருக்கும் மண்டை போகும், அது ஒண்ணுதான் மேட்ச் பூரா ஓடிட்டு இருந்துது."

இந்தப் பதிவு அந்த வாக்கியத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இப்போது மாமாவுக்கு அறுபத்தொன்று. நாற்பது வருஷம் கட்டை ஊன்றியதில் தோள்பட்டை இரண்டும் தேய்ந்து, ஏழெட்டு வருஷமாக வீல்சேர். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கோ காருக்கோ மாற மட்டும் ஒரு கைத்தடி. ரிடையர் ஆனதும் ஒரே ஆசை, வாரம் ஒரு மேட்ச் நேரில் பார்க்க வேண்டும், கிரிக்கெட்டோ ஃபுட்பாலோ எதுவானாலும். சரி, போகலாம் என்று சில மாதம் முன்பு ஒரு ஃபுட்பால் மேட்சுக்கு டிக்கெட் போட உட்கார்ந்தேன். மைதானத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒரு இடத்தைத் திட்டிவிட்டு எல்லோரும் நிம்மதியாகப் போய்விடுவோம்.

டிக்கெட் விற்கும் ஆப்பில் மைதானப் படம் கலர் கலராக வந்தது. எந்த ஸ்டாண்டில் நிழல், எதில் வெயில், எங்கே சாப்பாட்டோடு சேர்த்து டிக்கெட் என்று எல்லாம் இருந்தது. வீல்சேருக்கு இடம் இருக்கிறதா, எத்தனை படி ஏற வேண்டும் என்ற சங்கதி எங்கேயும் இல்லை. ஒரு போன் நம்பரைத் தேடிப் பிடித்தேன். எடுத்தவர் நல்ல மாதிரிதான் பேசினார்.

"வீல்சேர்ல ஒருத்தர் வராரு சார். வசதி எப்படி?"

"வாங்க சார், பாத்துக்கலாம்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மாமா, "போச்சு" என்றார்.

சென்னையில் வீல்சேரில் போகிறவர்களுக்கு இந்த வாக்கியம் நன்றாகப் பழக்கம். கல்யாண மண்டபம், சினிமா தியேட்டர், ரிஜிஸ்தர் ஆபீஸ், எங்கே கேட்டாலும் இதுதான் பதில். 'இங்கே ஏற்பாடு ஒன்றும் இல்லை, ஆனால் நாலு நல்ல மனுஷர்கள் இருப்பார்கள்' என்று அதற்கு அர்த்தம். நாலு பேர் இருப்பார்கள் என்பதென்னவோ உண்மைதான்.

கேட்டில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த இரும்புத் தடுப்புகளை வளைத்து வளைத்து வைத்திருந்தார்கள். இரண்டு தடுப்புக்கு நடுவே ஒரு ஆள் நுழையலாம், நாற்காலி நுழையாது. ஒரு போலீஸ்காரர் தடுப்பைத் தூக்கி ஓரம் வைத்தார். அடுத்து செக்கிங். வாலன்டியர் பையன் கைத்தடியைப் பார்த்துவிட்டு, "கம்பு அலோடு இல்ல சார்" என்றான்.

"இதால ரெஃப்ரியை அடிக்கணும்னா மொதல்ல நான் அவர்கிட்ட போய்ச் சேரணுமே தம்பி" என்றார் மாமா. பையன் சிரித்துவிட்டான். கம்பு உள்ளே போனது. ஆனால் பாருங்கள், நம் ஊரில் இதெல்லாம் நகைச்சுவை உணர்ச்சியை வைத்துத்தான் நடக்கிறது. சட்டென்று ஜோக் வராதவர், வாய் பேச முடியாதவர், அன்றைக்கு மூட் சரியில்லாதவர் என்ன செய்வார்?

உள்ளே ராம்ப் இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். வழவழ டைல்ஸ், பளபளவென்று ஸ்டீல் கைப்பிடி, கைப்பிடியை ஒட்டி மூன்று பைக். ராம்ப் என்றால் ஒரு கணக்கு இருக்கிறது: ஓரடி உயரம் ஏற பன்னிரண்டடி நீளம். அரையடிப் படி மூன்று என்றால் பதினெட்டு அடி ராம்ப் போட வேண்டும். இங்கே ஆறடியில் முடித்திருந்தார்கள். அந்தச் சரிவில் தனியாக ஏறுகிற கை எந்த ஒலிம்பிக் வீரனுக்கும் கிடையாது. பின்னாலிருந்து தள்ளுகிறவனுக்கும் மூச்சு வாங்கும், இறங்கும்போது நாற்காலி அவனை இழுத்துக்கொண்டு போகும். சரி, தள்ளி ஏற்றினோம். ஏறினால் எதிரே இரண்டு படி. ராம்ப் போட்டவரும் படி போட்டவரும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை போல.

அப்போதுதான் நாலு பேர் வந்தார்கள். மாமா, "கைப்பிடியைப் புடிக்காதீங்க, அது கழண்டு வரும், கீழ சட்டத்தைப் புடிங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் வலது பக்கம் பிடித்தவர் கையோடு கைப்பிடி வந்துவிட்டது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. மாமாவின் கை என் சட்டைக் காலரைப் பிடித்தது. தையல் விட்ட அந்தக் காலரை நான் இன்னும் தைக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் "பார்த்து, பார்த்து" என்றார்கள், ஏற்றியும் விட்டார்கள். கைப்பிடி கழன்று வருவது நாற்காலியின் குறை அல்ல என்று இங்கே சொல்லிவிடுகிறேன். நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து இன்னொரு இருக்கைக்கு மாறுவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். தெரியாதவர் தூக்கினால் இதுதான் நடக்கும்.

எங்கள் இருக்கைகள் பதினாலாவது வரிசையில். அங்கே போக வழியில்லை என்பதால் மாமாவை முன்னால், நடைபாதை ஓரம், இரும்புக் கிராதியை ஒட்டி நிறுத்தினார்கள். கிராதியின் மேல் குழாய் சரியாக அவர் கண் உயரத்தில். கோல் போஸ்ட்டை அது குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்றால் பின்னால் இருப்பவர்கள் கத்தினார்கள், படியில் உட்கார்ந்தால் 'வழி சார், வழி' என்றார்கள். கடைசியில் மாமாவின் சக்கரத்தில் முதுகு சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன்.

நாற்பதாவது நிமிஷம் வாக்கில் கோல். மைதானமே எழுந்து நின்றது. முன்னால் கிராதியோரம் நின்றுகொண்டிருந்தவர்களும் துள்ளினார்கள். மாமாவுக்கு எதிரே ஒரு சுவர், ஜெர்சி போட்ட முதுகுகளால் ஆன சுவர். அது இறங்குவதற்குள் கோல் அடித்தவன் ஓடிப்போய்க் கொண்டாடி முடித்துவிட்டான். வீட்டில் டிவி ரீப்ளேயில்தான் அந்த கோலைப் பார்த்தார். "பாத்துக்கலாம்னான், மேட்சைத்தான் பாக்க முடியல" என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

கழிப்பறைக் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். நாற்காலிப் படம் போட்ட கதவு ஒன்று இருந்தது, பூட்டியிருந்தது. சாவி சூப்பர்வைசரிடம். சூப்பர்வைசர் இன்னொரு கேட்டில். கதவு திறந்தபோது உள்ளே மூன்று துடைப்பம், பினாயில் கேன், ஒரு பழைய பேனர். மாமா இதற்கெல்லாம் தயாராகத்தான் வந்திருந்தார். மதியம் இரண்டு மணியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. சென்னை வெயிலில் ஆறு மணி நேரம். வெளியே போகிற நாளெல்லாம் இப்படித்தான் என்று அன்றுதான் எனக்குச் சொன்னார். நாற்பத்தைந்து வருஷமாக அவருடன் பழகுகிறேன்.

இதில் யாரைக் குறை சொல்வது? தடுப்பைத் தூக்கின போலீஸ்காரர், சிரித்த பையன், சாவிக்கு ஓடினவர், தூக்கின நாலு பேர், எல்லோரும் தங்கமானவர்கள். எனக்கு இப்போது அதுதான் உறுத்துகிறது. ஆட்கள் இவ்வளவு நல்லவர்களாக இருப்பதால்தான் ஏற்பாடு செய்யாமலே காலம் ஓடிவிடுகிறது. என் உப்புமூட்டையும் அந்தக் கணக்கில்தான் வரும். நான் தூக்கினேன், மைதானம் தப்பித்தது.

வேறு ஊர்களில் இதை எண்ணிக்கையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க விதிப்படி, பெரிய அரங்கம் என்றால் முதல் 5,000 இருக்கைக்கு 36 வீல்சேர் இடம், அதற்கு மேல் 200 இருக்கைக்கு ஒன்று. சேப்பாக்கம் அளவுக்கு, 38,000 பேர் உட்காரும் மைதானம் என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன்: 201 இடம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே துணைக்கு வருபவருக்கு ஒரு இருக்கை. தரையில் சக்கரத்துக்குச் சாய்ந்து உட்கார வேண்டாம். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று: முன்னால் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள் என்று எதிர்பார்க்கிற அரங்கங்களில், அவர்கள் நின்றாலும் வீல்சேரில் இருப்பவருக்கு ஆட்டம் தெரிய வேண்டும். வேறு ஒன்றுமில்லை, மேடையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினால் போதும். இதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். "யாரோ ஒருத்தன் உக்காந்து பாத்திருக்கான்டா" என்றார்.

அங்கேயும் எல்லாம் தானாக நடந்துவிடவில்லை. கோடிகளில் புரளும் இங்கிலாந்து பிரீமியர் லீக் ஃபுட்பால் கிளப்புகளே 2015ல்தான், 2017 ஆகஸ்டுக்குள் மைதானங்களைச் சரிசெய்துவிடுகிறோம் என்று ஒப்புக்கொண்டன. கெடு வந்தபோதும் சில கிளப்புகள் முடித்திருக்கவில்லை.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. விதிகளுக்கு உட்படாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் தரக்கூடாது என்கிறது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களுக்கு, விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருஷம் கெடு. விதிகள் வந்தது 2017 ஜூனில், கெடு முடிந்தது 2022 ஜூனில். 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில், அந்த விதிகளில் 15வது விதி சட்டத்துக்கே முரணானது என்றது. கட்டாயமாக இருக்க வேண்டியதை வழிகாட்டுதல் மாதிரி எழுதி வைத்திருக்கிறீர்கள், மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளைக் கொண்டு வாருங்கள் என்றது. தீர்ப்பின் சாரத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 15வது விதியை ஒரு வரியில் தமிழாக்கச் சொன்னால் 'வாங்க சார், பாத்துக்கலாம்' என்றுதான் எழுதுவேன்.

மெரினாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2022 நவம்பர் கடைசியில் காந்தி சிலைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, மணலுக்கு மேல் மரப்பலகைப் பாதை போட்டார்கள். தண்ணீருக்குப் பக்கம் வரை வீல்சேரில் போகலாம். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து பலகைகளைப் பெயர்த்துப் போட்டது, அப்புறம் சரி செய்தார்கள். புயலுக்கு முன்பே ஒரு சாயங்காலம் மாமா போய்விட்டு வந்திருந்தார், தனியாக. என்னைக் கூப்பிடவில்லை. எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்கூட. "ஏன் மாமா, நான் வந்திருப்பேனே?" என்று கேட்டதற்கு, "அதனாலதான்டா கூப்பிடல" என்றார். பாதையில் பாதிக்கூட்டம் முழங்கால் வலிக்காரப் பாட்டிகளும் குழந்தை வண்டிக்காரர்களும் செல்ஃபிக்காரர்களும்தானாம். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததைத்தான் நான் மைதானத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பலகைப் பாதை என்பதால் நினைவு வருகிறது, ராம்ப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று ஒரு எண்ணம் நமக்கு. மாமாவின் சிநேகிதர் ஒருவர், பேங்கில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ரிடையர் ஆனவர், பிறவியிலேயே பார்வை இல்லை. மாமாவை விட வெறியர். ரேடியோவில் அப்துல் ஜப்பாரின் தமிழ் நேர்முக வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவர். பந்து பிட்ச் ஆன இடம், ஃபீல்டர் ஓடிய திசை, வானத்தின் நிறம் வரை சொல்லிவிடுவார்கள், கண் எதற்கு என்பார். அவர் பிரச்சினையே வேறு. மைதானத்துக்குப் போய் செல்போனில் வர்ணனை கேட்டால், இணையத்தில் அது அரை நிமிஷம் பின்தங்கி வருகிறது. சுற்றிலும் முப்பதாயிரம் பேர் கத்துகிறார்கள், காதில் இன்னும் பவுலர் ஓடி வந்துகொண்டிருக்கிறார். "சிக்ஸரா அவுட்டான்னு தெரியாம பக்கத்துல இருக்கறவனோட சேர்ந்து நானும் கத்தறேன் சார்" என்றார்.

மாமா விரல் மடக்கிய காலத்தில் ரேடியோ முந்தும், ஜன்னல் பிந்தும். இப்போது தலைகீழ். இதற்கு வைத்தியம் பெரிய விஷயமே இல்லை. மைதானத்துக்குள் மட்டும் கேட்கிற மாதிரி சின்னதாக ஒரு ரேடியோ ஒலிபரப்பு, அதில் வர்ணிக்க ஒருவர். கத்தார் உலகக் கோப்பையில், 2022ல், பார்வையற்ற ரசிகர்களுக்கென்றே தனி வர்ணனை வைத்தார்கள், அரபியில்கூட. ரேடியோவில் கிரிக்கெட்டைத் தமிழில் படம் பிடித்துக் காட்டிய ஊருக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆட்கள் இருக்கிறார்கள், மைக்தான் வேண்டும்.

எங்கள் அபார்ட்மென்டில் ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன் இருக்கிறான். எந்த ஆட்டக்காரரின் ஜெர்சி நம்பர் கேட்டாலும் சொல்வான், ஆனால் விசில் சத்தம் பத்து நிமிஷம் தாங்கமாட்டான். இங்கிலாந்தில் சண்டர்லாண்ட் கிளப் 2015ல் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகக் கண்ணாடி போட்ட, சத்தம் அடங்கிய ஒரு அறையை மைதானத்துக்குள்ளேயே திறந்தது. நம் மைதானங்களில் ஸ்பான்சர்களுக்குக் கண்ணாடி அறை கட்டத் தெரிந்திருக்கிறது, அதில் ஒன்றை ஒதுக்கினால் போதும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில், உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கவேலு ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். பாரிஸில் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ என்று பாட்மின்டனில் மட்டும் மூன்று தமிழ்நாட்டுப் பெண்கள் பதக்கம் வாங்கினார்கள். ஊரே கொண்டாடியது, மாமாவும்தான். ஆனால் அந்த மேட்ச் அன்று தூக்கிவிட்ட நாலு பேரில் ஒருவர், இறங்கும்போது மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி ஆளுங்கதான் சார் எங்களுக்கெல்லாம் இன்ஸ்பிரேஷன்" என்றார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறினதும் என்னிடம் சொன்னார். "நான் சாதிக்க வரலடா. மேட்ச் பாக்க வந்தேன். ரெஃப்ரியைக் கெட்ட வார்த்தைல திட்டலாம்னு வந்தேன்."

வருகிற சனிக்கிழமை இன்னொரு மைதானத்தில் ஒரு மேட்ச் இருக்கிறது. இந்தத் தடவை போன் பேசுகிற வேலையை மாமா என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். நேற்று சாயங்காலம் ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்.

"வீல்சேர்ல வரேன். எந்த கேட்?"

"வாங்க சார், பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம், இருக்கட்டும். கேட்டு எத்தனாம் நம்பர்? அங்கேர்ந்து உக்கார்ற இடத்துக்கு எத்தனை படி?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. "படி... எண்ணினதில்ல சார்."

"எண்ணிச் சொல்லுங்க, நான் இருக்கேன். பாத்ரூம் சாவி யாருகிட்ட?"

"ஒரு நிமிஷம் சார், லைன்லயே இருங்க."

போனை எங்கேயோ வைத்தார்கள். அவர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார், தூரத்திலிருந்து ஒருவர் என்ன என்று கத்தினார். "அண்ணே, அந்த ஹேண்டிகேப் பாத்ரூம் சாவி உங்ககிட்டயா?" இல்லை என்று பதில் வந்தது. அப்புறம் செருப்புச் சத்தம், படியில் இறங்குகிற மாதிரி. மாமா ஒரு விரல், இரண்டு விரல் என்று மடக்கிக்கொண்டிருந்தார்.